எந்தக் கிடார் வாங்கலாம் மாமா?

அக்கா மகன் இங்கிலாந்தின் லெஸ்டரில் படிக்கிறான். போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இசைக்குழு தொடங்கியிருக்கிறார்களாம், பப்களில் வாசிக்கப் போகிறார்களாம். "எந்தக் கிடார் வாங்கலாம் மாமா?" என்று கேட்டான். "முதலில் ஒரு தள்ளுவண்டி வாங்கு" என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். நான் சொன்னது முழு உண்மை. அவனுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அவன் படிக்காவிட்டாலும், வார இறுதியில் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வேறு யாராவது படிக்கட்டும்.

பதினோரு வருடமாகத் தென் லண்டனிலும் கெண்ட் பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு பப் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. டிரம்ஸ் வாசிப்பவர் குழாய் பழுது பார்ப்பவர், பாடுகிறவர் செவிலியர், கிடார்காரர் பள்ளி ஆசிரியர், கீபோர்டுகாரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நாற்பத்தைந்து நிமிடங்களாக இரண்டு பகுதி, நடுவில் இருபது நிமிட ஓய்வு. சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஊருக்கே தெரிந்த பழைய பாட்டுகளைத்தான் வாசிக்கிறோம். பீர் கோப்பையோடு நிற்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும், எங்களுக்கும் அதில் வருத்தமில்லை.

ஒன்பது மணிக்கு வாசிக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். என் ஆம்ப்ளிஃபயர் பதினெட்டு கிலோ, அதன் ஸ்பீக்கர் பெட்டி இருபத்திரண்டு கிலோ. டிரம்ஸ் ஒரு தனிக் குடும்பம்: ஐந்து மேளம், மூன்று தாளத்தட்டு, அவற்றைத் தாங்கும் இரும்புக் கால்கள், அடியில் விரிக்க ஒரு பழைய கம்பளம். கம்பளம் இல்லையென்றால் பெரிய மேளம் ஒவ்வோர் அடிக்கும் அரை அங்குலம் முன்னால் நகர்ந்து, மூன்றாவது பாட்டில் பாடுகிறவரின் குதிகாலைத் தொட்டுவிடும். வாசலுக்கு நேரே வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் பப் அமைந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பண்டிகை. பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி, மழையில், கண்ணாடிக் கோப்பைகளோடு வாசலில் நின்று புகைப்பவர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று கெஞ்சிக்கொண்டு எட்டு நடை நடக்க வேண்டும். இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து பப்புக்குள் புகைக்கக் கூடாது. நுரையீரலுக்கு நல்லது, பெட்டி தூக்குகிறவனுக்கு வாசலில் கூட்டம்.

உள்ளே போனால் மேடை இருக்காது. "இங்கேதான் வழக்கமாக வாசிப்பார்கள்" என்று ஒரு மூலையைக் காட்டுவார்கள். அதில் ஒரு சூதாட்ட இயந்திரம் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும், சுவரில் அம்பு எறியும் பலகை தொங்கும், பக்கத்தில் கழிப்பறைக் கதவு இருக்கும். இரவு முழுவதும் என் கிடாரின் கழுத்தைத் தாண்டித்தான் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வருவார்கள். இரண்டு மேசைகளை நகர்த்தினால்தான் டிரம்ஸ் வைக்க முடியும். அந்த மேசைகளில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு குடும்பம் இனிப்பை முடிக்கும்வரை கையில் தாளத்தட்டோடு சிரித்த முகமாக நிற்கப் பழகியிருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். எங்களுக்குக் கிடைப்பது ஒரு இரவுக்கு 300 பவுண்டு. ஆளுக்கு அறுபது. கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு ஏழரை பவுண்டு. இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியே பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இதை வைத்து யாரும் பிழைக்க முடியாது, நாங்களும் பிழைக்கவில்லை. ஆனாலும் "ஆசைக்குத்தானே வாசிக்கிறீர்கள், இலவசமாக வாருங்கள்" என்பவருக்கு நான் சம்மதிப்பதே இல்லை. நமக்கு மாதச் சம்பளம் வருகிறது என்பதற்காக இலவசமாக வாசித்தால், இதையே நம்பி வாழும் கலைஞனின் சோற்றில் கை வைக்கிறோம். அறுபது பவுண்டாவது வாங்கு மருமகனே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பப் இசைக்குழுவை மறுபடி கூப்பிடுவார்களா என்பது அதன் வாசிப்பில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. எங்களைவிட நன்றாக வாசிக்கும் குழுக்கள் ஒரே இரவோடு அந்தப் பப்பின் பட்டியலிலிருந்து போனதைப் பார்த்திருக்கிறேன். மோசமாக வாசித்ததற்காக எங்களை யாரும் கண்டித்ததில்லை. சத்தத்துக்காக எத்தனையோ முறை கண்டித்திருக்கிறார்கள், அநேகமாக ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னது சரி.

சத்தம் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனித்தால் மனித சுபாவம் புரியும். முதல் பாட்டில் எல்லோரும் அடக்கம். இரண்டாம் பாட்டில் டிரம்ஸ்காரருக்கு உடம்பு சூடேறும். கிடார்காரருக்குத் தன் வாசிப்பு கேட்காது, ஒலியை அரைத் திருகு ஏற்றுவார். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது, தன் காலடி ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்வார். அது மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். நான் மட்டும் சும்மா இருப்பேனா? நானும் ஏற்றுவேன். நான்காம் பாட்டில் ஐந்து பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கிறோம், யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, மதுக்கூடத்தில் பீர் கேட்பவர் விரலைக் காட்டி எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்னைச் சபாக்களில் பக்கவாத்தியக்காரர்கள் முறைவைத்து மைக் செட்காரரைப் பார்த்துக் கை உயர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எல்லாக் கையும் மேல்நோக்கித்தான் போகும். குறைக்கச் சொல்லிக் கீழே இறங்கும் கையைப் பார்ப்பது அபூர்வம்.

டிரம்ஸ்தான் அளவுகோல். அதற்குத் திருகு கிடையாது. ஒரு சிறிய அறையில் அது என்ன சத்தம் போடுகிறதோ அதற்கு ஏற்றபடிதான் மற்ற நால்வரும் அமைய முடியும். ஆகவே குழுவில் யாரையாவது திருத்த வேண்டுமென்றால் முதலில் டிரம்ஸ்காரரைத் திருத்த வேண்டும், அதுவும் நயமாக. எங்களவருக்கு ஒரு பிறந்தநாளுக்கு, மெல்லிய மூங்கில் குச்சிகளைக் கட்டாகக் கட்டிய கோல் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். முதலில் முகம் சுளித்தார். ஒரு மாதம் அது பையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே எடுத்து வாசித்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பாட்டின் வார்த்தைகள் எனக்கே கேட்டன.

கிடார்காரர் கதை வேறு. அவருடைய ஆம்ப்ளிஃபயர் தரையில் இருந்தது. தரையில் இருக்கும் ஸ்பீக்கர் அவருடைய முழங்காலுக்கு வாசிக்கிறது, முழங்காலுக்குக் காது இல்லை. நேரெதிரே பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவரின் காதை அது கிழித்துக்கொண்டிருந்தது. ஒரு காலி பீர்க் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைத்து, பின்பக்கம் சற்றுச் சாய்த்துவிட்டோம். அன்றிலிருந்து அவர் தன் திருகைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பீர்க் கூடைக்கு வாடகை இல்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிடாரின் தடித்த தந்தியை மீட்டினால் எழும் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அது குறைவாகக் கேட்கலாம், சுவர்களில் பட்டுத் திரும்பி அறையின் கடைசி மேசையில் திரண்டு நிற்கலாம். பெட்டியை மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதை இன்னும் ஊதிவிடும். இது தெரியாமல் மூன்று வருடம் "எனக்குக் கேட்கவில்லை" என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். ஒருநாள் நீளமான ஒயர் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாசித்தபடியே அறையின் கடைசிக்கு நடந்து போனேன். கடைசி மேசையில் ஒரு கிழவர் தன் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கையை எடுத்துக் காட்டினார். பீரின் மேல் வளையம் வளையமாக அலை. நான் ஒவ்வொரு முறை தந்தியைத் தொடும்போதும் ஒரு வளையம். "ஒரு மணி நேரமாக நீங்கள்தான் இதைக் குடிக்கிறீர்கள்" என்றார். அப்போது பெட்டியை மூலையிலிருந்து இழுத்தவன்தான், இன்றுவரை மூலையில் வைக்கவில்லை.

காதுக்கும் கணக்கு இருக்கிறது. இங்கே வேலையிடச் சத்தத்துக்கான 2005ஆம் ஆண்டு விதிகள் 2008 ஏப்ரலிலிருந்து இசைத் தொழிலுக்கும் பொருந்துகின்றன. அந்தக் கணக்கில் 85 டெசிபெல் என்பது எட்டு மணி நேரத்துக்கான அளவு. மூன்று டெசிபெல் ஏறினால் ஆற்றல் இரட்டிப்பாகிறது, நேரம் பாதியாகிறது. 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, அப்படியே போனால் 100க்குப் பதினைந்தே நிமிடம். தாளத்தட்டுக்கு மூன்றடி தள்ளி நின்று நூறைத் தொடுவது பெரிய காரியமே இல்லை. இசைக்காரர்களுக்கென்றே செய்த காதடைப்பான் இருபது பவுண்டுக்குக் கிடைக்கிறது. எங்கள் கிடார்காரருக்கு வலது காதில் ஓயாத ரீங்காரம். இருபது பவுண்டு மிச்சப்படுத்தியவர் அவர்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது என்பார்கள். ஓரளவு உண்மை. ஒரு காலத்தில் இங்கே உரிமம் இல்லாமல் ஒரு பப்பில் இரண்டு பேர் வரைதான் வாசிக்கலாம் என்று விதி இருந்தது. மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தால் தனி அனுமதி. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டது. 2012இல் வந்த நேரடி இசைச் சட்டம்தான் காலை எட்டிலிருந்து இரவு பதினொன்று வரை, இருநூறு பேர் வரை உள்ள கூட்டத்துக்கு, மது விற்கும் உரிமம் பெற்ற இடங்களில் ஒலிபெருக்கியோடு வாசிக்க வழிவிட்டது. 2015இல் அது ஐந்நூறு பேராக உயர்ந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர் நகராட்சியிடம் புகார் கொடுக்கும் உரிமையை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை. புகார் பப்புக்குப் போகும், பப் நம்மைக் கூப்பிடாது.

அதற்குப் பயந்து சில பப்களில் சத்தம் அளக்கும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். சுவரில் போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு சில நொடிகள் நீடித்தால் நம் பக்கத்துப் பிளக்குகளுக்கு மின்சாரம் போய்விடும். போன மாதம் ஒரு பப்பில் எங்களுக்கு அது நடந்தது. இரண்டாம் பகுதியின் கடைசிக்கு முந்தின பாட்டு. கூட்டம் எழுந்து கைதட்டிப் பாடுகிறது. நான் விளக்கைப் பார்க்கிறேன், மஞ்சள். கூட்டத்தின் சத்தத்திலேயே சிவப்பு. டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு மெய்மறந்திருக்கிறார். பட்டென்று எல்லாம் நின்றது. கிடார் தகரம்போலக் கிணுங்கியது, பாடகியின் வாய் மட்டும் அசைந்தது, டிரம்ஸ் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் திரும்பியபோது ஸ்பீக்கர்கள் குண்டு வெடித்தாற்போல் இடித்தன. கீபோர்டு முதலிலிருந்து தொடங்க ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது, கீபோர்டுகாரர் அமைத்து வைத்திருந்த ஒலி எல்லாம் போய்விட்டது. அவர் அதன்பின் வீடு போகும்வரை யாரிடமும் பேசவில்லை.

மது ஊற்றும் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்தால் அந்தக் கருவியை ஏமாற்றலாம் என்று கிடார்காரர் சொன்னார். பல குழுக்கள் செய்கின்றன. வேண்டாம் என்றேன். யோக்கியன் என்பதால் சொல்லவில்லை. ஈரத் தரையில், கோப்பைகளுக்கு நடுவே, யார் பொருத்தியதோ தெரியாத பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தைத் தந்தியில் விரல் வைத்துக்கொண்டிருக்கும் நான் நம்பத் தயாரில்லை. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். நாங்கள் எங்கே போனாலும், கசிவு தெரிந்தால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பிளக் ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறோம். பதினைந்து பவுண்டு. எல்லா ஒயரும் அதன் வழியாகத்தான். இரைச்சல் வருகிறதென்று எர்த் கம்பியைக் கழற்றிவிடச் சொல்லும் மேதாவி எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை ஒயர் பக்கமே விடாதே.

அன்றிரவு எல்லாம் மூட்டை கட்டியபின், பப்பை நடத்தும் அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "கடைசிப் பாட்டைச் சின்னதாக வாசித்தீர்களே, அது எனக்குப் பிடித்தது. அப்படியே வாசிப்பதானால் நவம்பரில் வாருங்கள்" என்றார். கடைசிப் பாட்டைச் சின்னதாக வாசித்ததற்குக் காரணம், மறுபடி சிவப்பு விளக்கு எரியுமோ என்ற பயம். அதை அவரிடம் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகனிடமிருந்து செய்தி வந்தது. கிடார் வாங்கிவிட்டானாம், படமும் அனுப்பியிருக்கிறான், சிவப்பு நிறம், அழகாகத்தான் இருக்கிறது. மூன்று வாரத்தில் முதல் நிகழ்ச்சி, ஒரு பப்பின் மாடி அறையில். எவ்வளவு கேட்கலாம் மாமா என்கிறான். எத்தனை படி என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.