காரைத் தென்னை நிழலில் நிறுத்தாதீர்கள்

ஆனைமலைப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் ரெண்டு ரூம் போட்டு, வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்து, நாலு வருடம் ஃபார்ம் ஸ்டே நடத்தினோம். 'நடத்தினோம்' என்று நான் சொல்வது கொஞ்சம் ஓவர்தான். நான் கோவையில் உட்கார்ந்துகொண்டு போட்டோ போட்டேன், போனில் புக்கிங் எடுத்தேன். மற்றதெல்லாம் மாமாவும் அத்தையும். சரியாகச் சொன்னால், அத்தை.

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "தோப்பு சும்மாதானே கிடக்கு, நாலு காட்டேஜ் கட்டி விட்டா என்ன?" அவருக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில், தோப்பு சும்மா கிடப்பதில்லை. 2016-ல் தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ நாட்டிலேயே முதன்முதலாகத் தென்பட்டது எங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான். மட்டையெல்லாம் கரி பூசினாற்போல ஆகிவிட்டது. அப்புறம் வேர்வாடல் நோய். மரத்துக்கு மரம் காய் குறைந்துகொண்டே வந்தபோதுதான் மாமாவுக்கு இந்த யோசனையே வந்தது. விவசாயம் நன்றாக ஓடும்போது யாரும் வீட்டு வாசலில் 'ரூம் கிடைக்கும்' என்று எழுதுவதில்லை.

இரண்டாவது மாதமே பாடம் கிடைத்தது. பெங்களூரிலிருந்து வந்தவர் ராத்திரி காரைத் தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். விடியற்காலையில் ஒரு நெற்று. முன்கண்ணாடி போச்சு. நாங்கள் கொடுத்த நஷ்டஈட்டில் மூன்று புக்கிங் காசு கரைந்தது. அடுத்த நாள் மாமா தகரத்தில் 'காய் விழும்' என்று எழுதி மாட்டினார். நெட்டில் ஃபார்ம் ஸ்டே போட்டோக்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் தென்னை மரத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருப்பார்கள். மரம் ஏறிப் பார்த்த எவனும் அப்படிப் போடமாட்டான்.

இன்னொன்று, தென்னந்தோப்பில் வந்தவர்கள் செய்ய ஒன்றுமில்லை. காய் போடுவது நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை. அன்றைக்கு வருகிறவருக்குக் கொண்டாட்டம், மற்ற நாளில் வருகிறவரின் குழந்தை சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் திருகி விளையாடும். நெல், காய்கறி, மாடு, கோழி என்று கலந்து இருக்கிற தோட்டத்துக்குத்தான் இந்தத் தொழில் பொருந்தும். ஒரே பயிர் போட்ட எங்களுக்கு இது கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். எங்களை மடக்கியது அடுப்படிதான்.

சனிக்கிழமை எட்டுப் பேர் வருவார்கள். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு, சந்தகை, தேங்காய்ப்பால் எல்லாம் வேண்டும், 'ஆத்தென்டிக்'காக. காலை ஐந்து மணிக்குப் பால் கறந்துவிட்டு அடுப்பு பற்றவைத்தால், ராத்திரி பத்தரைக்குக் கடைசித் தட்டைக் கழுவும்வரை அத்தை உட்காரமுடியாது. திங்கள் முதல் வியாழன்வரை ஈ காக்கா வராது. வாரத்துக்கு ரெண்டு நாள் வேலைக்கு ஆள் கேட்டால் யார் வருவார்கள்? ஊரில் பாதிப் பெண்கள் கயிறு மில்லுக்குப் போகிறார்கள். அங்கே வாரம் பூராவும் வேலை, சனிக்கிழமை கையில் சம்பளம். நாங்கள் சொன்ன கூலியைக் கேட்டுச் சிரித்தார்கள். கிராமச் சுற்றுலாவால் உள்ளூர்ப் பெண்களுக்கு வேலைவாய்ப்பு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அந்தப் பெண்களிடம் ஒருமுறை கணக்குக் கேட்டுவிட்டுப் பேசலாம். எங்கள் விஷயத்தில் வேலைவாய்ப்புப் பெற்ற ஒரே பெண் அத்தை. சம்பளம் கிடையாது.

பணம் கேட்பதும் அவருக்கு வரவே இல்லை. "ஏங்கண்ணு, ஊட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டு எவ்வளவுன்னு எப்படிக் கேக்கறது?" என்பார். கடைசிவரை பில் விஷயம் என் போனில்தான்.

விளம்பரத்தில் யாரும் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்து உட்கார்ந்து மோர் குடித்த கையோடு "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்ட விருந்தாளிகள் உண்டு. மறுபக்கம், "எந்தெந்த ஆளுங்களையெல்லாம் ஊட்டுக்குள்ள விடறீங்க?" என்று மாமாவைக் கேட்ட அக்கம்பக்கத்தாரும் உண்டு. அத்தையே முதல் வருடம் வருகிறவர்களின் பெயரை ஒருமுறைக்கு இரண்டுமுறை விசாரித்தார். அப்புறம் விட்டுவிட்டார். 'கிராமத்து விருந்தோம்பல்' என்று அழகாக எழுதும்போது, அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்ததா என்பதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

சட்டதிட்டம் பக்கம் வருவோம். தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம், ஆனால் அதிலிருந்து விருந்தாளி ரூமுக்கு ஒரு பல்பு போட்டாலும் தப்பு. தனி இணைப்பு வேண்டும், அதுவும் வணிகக் கட்டணத்தில். தேங்காய் விற்ற காசுக்கு வருமான வரி இல்லை, ரூம் வாடகை அந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டுக்காரர் ஒரு ராத்திரி தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்றவேண்டும். இவை நியாயமில்லை என்று சொல்லவரவில்லை. இருநூறு அறை ஓட்டலுக்கு இதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். மாமாவுக்கு நான் இருந்தேன், அதுவும் ஆபீஸ் மீட்டிங் நடுவில்.

இத்தாலியில் இதற்கென்று 1985-லேயே தேசியச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், முதல் தொழில் விவசாயமாக இருக்கவேண்டும், தங்கவைப்பது அதன் துணைத்தொழில் மட்டும்தான் என்பது. 2006-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் போட்டபோது, எது முதன்மை என்பதை எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று பார்த்து முடிவுசெய்யச் சொன்னார்கள். பக்கத்தில் மகாராஷ்டிரத்தில், பாராமதி அருகே 2005-ல் பாண்டுரங் தாவரே வேளாண் சுற்றுலாவைத் தொடங்கினார். பதினைந்து வருடம் கழித்து, 2020-ல், அந்த மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது.

இங்கே 'ஃபார்ம் ஸ்டே' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். நிலத்தை வாங்கி, நீச்சல்குளம் வெட்டி, ராத்திரி ஸ்பீக்கர் வைத்து, ஓரமாக நாலு வாழை நட்டால் அதுவும் ஃபார்ம் ஸ்டேதான். யானை நடமாடும் மலையடிவாரத்தில் டிஜே லைட் எதற்கு என்று கேட்க ஆளில்லை. 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகு எங்கள் பக்கம் வண்டிகள் கூடியதுபோல எனக்குப் பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் தேடியது நீச்சல்குளத்தை. "பூல் இருக்கா?" என்ற கேள்விக்கு, "கிணத்தோரம் தொட்டி இருக்குதுங்க" என்று மாமா உண்மையைச் சொல்வார். போன் கட்டாகிவிடும்.

என்னைக் கேட்டால் மானியத்தைவிட முதலில் வேண்டியது, எது ஃபார்ம் ஸ்டே, எது ரிசார்ட் என்று பிரிக்கிற ஒரு கோடு. விவசாயி குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கவேண்டும், ரெண்டு மூன்று ரூமுக்கு மேல் கூடாது, வருமானத்தில் பெரும்பகுதி நிலத்திலிருந்து வரவேண்டும். இப்படி இருப்பவருக்கு ஒரே பதிவு, வீட்டு மின்கட்டணம். மீதிப் பேர் ரிசார்ட் என்றே போர்டு மாட்டட்டும், அந்தக் கட்டணத்தையே கட்டட்டும். கணக்கில் சமையல்காரிக்கு மாதச் சம்பளம் என்று ஒரு வரி கட்டாயம் எழுதவேண்டும், அந்தச் சமையல்காரி வீட்டுப் பெண்ணாகவே இருந்தாலும். அந்த வரியை எழுதிய பிறகும் லாபம் வந்தால் நண்பர் தாராளமாகக் காட்டேஜ் கட்டலாம். எங்களுக்கு வரவில்லை.

2025-ல் தேங்காய் விலை ஏறியதும் மாமா நிம்மதியாக ரூம்களைப் பூட்டிவிட்டார். இப்போது மறுபடி திறக்கலாமா என்ற பேச்சு வருகிறது. அத்தையிடம் கேட்டேன். "மொதல்ல அந்த ரூமுல அடுக்கியிருக்கற கொப்பரை மூட்டைய எடுக்கச் சொல்லு உங்க மாமனை, அப்புறம் பாக்கலாம்" என்றார்.