எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கூட்டம், பேசியவர் யார் என்று எழுதப்போவதில்லை. மன்னார்குடிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கிளை நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். மேடையில் இருந்தவர் அதற்குப் பதில் சொல்லாமல், "நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். "ஏழாவது" என்றார் பெரியவர். மண்டபமே சிரித்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நூலகத்துக்குள் நுழைய எதுவரை படித்திருக்க வேண்டும்? வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண், சாதி, வயது எதையும் யாரும் கேட்பதில்லை. எதுவரை படித்தாய் என்ற கேள்வியே எழாத ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டு வாயை அடைத்திருக்கிறீர்கள்.

அவர் தர்மம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு இது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் இதே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வாங்கிப் படித்தவர்களிடம் எத்தனையாவது வகுப்பு என்று கேட்டா கொடுத்திருப்பார்கள்? கட்டிய வரிக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக விளக்கு எரியச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தீர்களே!

இன்னொன்றும் நெஞ்சைக் குத்துகிறது. அதே மேடையில், அதே நபர், சற்று முன்புதான் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனை நம் மண்ணின் பெருமை என்றார். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். பள்ளி மாணவனாக இருந்தபோது, 1903 வாக்கில், கல்லூரி நூலகத்திலிருந்து கைக்கு வந்த கார் என்ற ஆங்கிலேயரின் கணிதத் தொகுப்புதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல். நிறுவல்களை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அவரிடம் "எதுவரை படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்? அதற்கும் சிரித்திருப்பீர்களா?

ராமானுஜன் கோடியில் ஒருவர், விதிவிலக்கு என்று சொல்ல வருவீர்கள். சரி, விதிவிலக்கே. எங்கள் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். பள்ளியை விட்டுவிட்டு மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடைக்குப் போனார். கருகிய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன் எத்தனை சுற்று, எந்தத் தடிமன் கம்பி, மோட்டார் இரும்பின் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார். ஏன் அப்படி என்று கேட்டால் அடிதான் விழும். அந்த ஏன் கிளை நூலகத்தில் இருந்தது. மின் மோட்டார்களைப் பற்றிய தமிழ்ப் புத்தகம், அட்டை கிழிந்தது. வார்னிஷ் படிந்த விரல்களை அடிபம்பில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். படங்களைச் சிவப்பு, மஞ்சள், நீலப் பென்சில்களால் நோட்டில் வரைந்துகொண்டு வருவார், ஒரு முனைக்கு ஒரு நிறம். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் மற்ற இரண்டில் மின்னோட்டம் ஏறிக் காயில் கருகிவிடும் என்பதை எனக்கு அந்த நோட்டை வைத்துத்தான் விளக்கினார். நான் அப்போது பள்ளியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார், நான் மனப்பாடம் செய்தேன்.

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்காத வருஷங்களில் குறுவை நெல்லுக்குப் போர்வெல் மோட்டார்தான் கதி. இரவும் பகலும் ஓடிக் கருகிய மோட்டார்கள் அண்ணன் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். விடிவதற்குள் வேண்டும் என்று கெஞ்சுகிற விவசாயி யாரும் அவர் எதுவரை படித்தார் என்று கேட்டதில்லை.

அப்படியென்றால் பள்ளிக்கூடமே வேண்டாமா என்று உடனே ஆரம்பிப்பார்கள். வேண்டும். மதிய உணவுக்காக வந்து எழுத்துக் கற்றவர்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். அண்ணனுக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்ததே பள்ளியால்தான். நானும் பட்டம் வாங்கியவள், அந்த மின் மோட்டார்கள் கட்டிய கட்டணத்தில். பள்ளியை யாரும் குறை சொல்லவில்லை. பள்ளியை விட்டு வெளியே வந்தவனுக்கு இன்னொரு கதவு இருக்கிறது, அதை மூடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வேலை முடித்து அவன் வீடு திரும்பும்போது அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. பெரியவர் கேட்டதும் அதுதான்.

செல்போனில் எல்லாம் இருக்கிறதே என்பவர்களோடு இன்று வாதாட எனக்குத் தெம்பில்லை.

எனக்குக் கோபம் ஏன் இவ்வளவு என்று கேட்டால், போன தையில் அண்ணன் மகளுக்கு ஒரு வரன் வந்தது. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் மாமா அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். "சம்பந்தி எதுவரை படித்திருக்கிறார்?" அண்ணன் எட்டாவது என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் பெண் பொறியியல் படித்தவள், வேலையில் இருக்கிறாள், முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாளில் சொல்லி அனுப்பினார்கள். பத்திரிகையில் மட்டும் பெண்ணின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் தொழிலைப் போட வேண்டாமாம்.

இந்த வரனே வேண்டாம் என்று சொன்னவள் அண்ணன் மகள்தான். கல்லூரியில், பெரிய மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கிவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் புரியாமல் அப்பாவிடம் வந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பெண் அவள். நல்ல இடம், அவசரப்பட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் இன்னும் எங்களிடம் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். அவள் செய்தது சரி.