வெஸ் மாண்ட்கோமரி விலைபோனாரா?

சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், விவரமாகச் சொல்லப் போவதில்லை. நாம் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த, அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியின் ‘பம்பின்’ ஆல்பத்தில் வயலின்கள் சேர்ந்ததுமே நிறுத்தச் சொல்லிவிட்டு, “இது காசுக்கு வாசித்த வெஸ்” என்று ஒருவர் தீர்ப்பு சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த ஆல்பம் எப்படி உருவானது தெரியுமா? 1965, நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. வெஸ்ஸுக்கு நோட்ஸ், அதாவது எழுதிய இசைக் குறிப்புகள், படிக்கத் தெரியாது. நோட்ஸைப் பார்த்து வாசிக்கிற பெரிய ஆர்கெஸ்ட்ராவின் நடுவே உட்கார அவருக்குத் தயக்கம். அதனால் முதலில் ரோஜர் கெல்லவே (பியானோ), பாப் கிரான்ஷா (பேஸ்), கிரேடி டேட் (டிரம்ஸ்) என்ற சின்னக் குழுவோடு அவரை அவர் போக்கில் வாசிக்கவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதிய டான் செபெஸ்கி அந்தப் பதிவைக் கேட்டு, பிறகுதான் வயலின்களுக்கு எழுதினார். கிட்டார் போன வழியில் ஆர்கெஸ்ட்ரா போயிருக்கிறது. இதில் விலைபோனது யார்?

அடுத்த சில வாரங்களில் நியூயார்க் ஹாஃப் நோட் கிளப்பில் பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் மூவர் குழுவோடு அவர் வாசித்ததைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். அதே மனிதர், அதே கட்டைவிரல், அதே ஆக்டேவ்கள் (ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒன்றாக வாசிப்பது). பின்னால் வயலின் இருந்தால் மட்டும் காது மூடிக்கொள்கிறதா?

அந்த ஆக்டேவ் வாசிப்பை நான் முயன்று பார்த்தவன். இரண்டு கம்பிகளை அழுத்தி, நடுவில் இருக்கும் கம்பியைச் சத்தம் வராமல் அடக்கி, பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் கட்டைவிரலால் மீட்ட வேண்டும். நான் கற்ற இடத்தில் கட்டைவிரலால் தொட்டாலே திட்டு விழும். “இது முறையில்லை” என்பார்கள். சனிக்கிழமை கேட்டதும் அதே குரல்தான்.

“அப்போ 1967 முதல் ஏ அண்ட் எம் ரெக்கார்ட் கம்பெனிக்காக வாசித்த பாப் பாட்டுகளும் உசத்தியா?” என்று கேட்பீர்கள். அவற்றில் பல எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் நான் பேசுவது ‘பம்பின்’ பற்றி. “ஜாஸுக்கு வயலின் எதற்கு?” ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் 1949இலேயே வயலின்களோடு வாசித்தார். அவரையும் நிறுத்தச் சொல்வீர்களா?

சரி, காசுக்குத்தான் வாசித்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு, வீட்டில் பெரிய குடும்பம். 1968இல் மாரடைப்பில் போனபோது வயது 45. அந்த மனிதர் கொஞ்சம் வசதியாக இருந்தது கடைசிச் சில வருடங்கள்தான். அதையும் குற்றமாக எழுதி வைப்பீர்களா? மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ரசனை பேசுகிற நமக்கு அதற்கு என்ன உரிமை இருக்கிறது?

“உனக்கு ஜாஸ் காது இல்லை” என்று சொன்னவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இந்த ஆல்பத்தில் ‘மி கோசா’ என்று ஒன்று இருக்கிறது, வெஸ்ஸே அமைத்த மெட்டு. பாதியில் நிறுத்தாமல் முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசுகிறேன். கேட்காமல் எழுதுகிறவர்களுக்கு இங்கே பதில் சொல்லப் போவதில்லை.