செக்போஸ்ட் சீல் மட்டும் ஆட்டைக் காப்பாற்றாது

தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு எல்லை தாண்டி வருகிற ஆட்டுக்கு செக்போஸ்ட்டில் கால்நடை டாக்டர் சர்டிபிகேட் கேட்பது சரிதான், கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது? பார்த்த அன்றைக்கு ஆட்டுக்கு நோய் இல்லை, அவ்வளவுதான். பிபிஆர் என்கிற ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி உள்ளே போன ஆடு நாலைந்து நாள் நன்றாகவே தழை தின்னும், அசை போடும். எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி வண்டி பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து, ஆடுகள் ஆளுக்கொரு கொட்டகைக்குப் பிரிந்துபோன பிறகுதான் காய்ச்சலே தெரியும்.

பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் ஆனது. பக்ரீத்துக்காகச் சந்தையில் பிடித்து வந்த கிடாய்களை வந்த அன்றே பழைய ஆடுகளோடு அடைத்துவிட்டார்கள். சளி காய்ந்து பொருக்குத் தட்டி மூக்கையே அடைத்துக்கொள்ள, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது ஒரு கிடாய். கண்ணெல்லாம் பீளை, ஈறெல்லாம் புண், பின்னங்கால் முழுக்கக் கழிச்சல். அப்புறம் பட்டியில் இருந்த குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மூக்கை ஈரத்துணியால் துடைத்துச் சந்தையில் நிறுத்துகிற வியாபாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது அநியாயம்.

இது நமக்குப் புதிய நோயும் இல்லை. இந்தியாவில் முதலில் கண்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். நாட்டுக்கு நாடு ஆடு அனுப்ப உலக விலங்கு சுகாதார அமைப்பு வைத்திருக்கிற விதியைப் பாருங்கள்: நோய் உள்ள நாட்டிலிருந்து வரும் ஆடு ஏற்றுவதற்கு முன் 21 நாள் நோய்க்குறி இல்லாமல் இருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருந்தால் அதுவும் 21 நாளுக்கு முன்பே போட்டதாக இருக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போனால் மட்டும் கிருமி வேறு மாதிரி நடந்துகொள்ளுமா? நம்முடைய 2009ஆம் வருடச் சட்டத்திலேயே செக்போஸ்ட்டோடு சேர்த்து, ஆடு மாடுகளைத் தனியே வைத்துப் பார்க்கும் முகாமும் சொல்லப்பட்டிருக்கிறது. செக்போஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு முகாமை மறந்தால் பாதி வேலைதான்.

முகாமில் நிறுத்தினால் 21 நாள் தீனிக்கு யார் காசு கொடுப்பது என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் வேலையைக் கிராமத்தில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். ஒரே தடுப்பூசி, குறைந்தது மூன்று வருடம் தாங்கும், குட்டிக்கு மூன்று நாலு மாதம் ஆனதும் போடலாம். ஊசி போட்ட தேதி ஆட்டின் காதில் மாட்டுகிற வில்லையின் எண்ணோடு சர்டிபிகேட்டில் ஏறட்டும், எல்லையில் அதைப் பார்த்து வண்டியை விடட்டும். தேதி இல்லாத ஆட்டை மட்டும் முகாமில் நிறுத்தினால் போதும், தீனிச் செலவும் குறையும். மாட்டு வெக்கை நோயை ஊசி போட்டுப் போட்டே 2011இல் உலகத்தை விட்டே ஒழித்தார்கள். இதற்கும் 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள்.

வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கிறபோதே ஊசித் தேதியையும் கேளுங்கள். புது ஆட்டைத் தனிக் கொட்டகையில் மூன்று வாரம் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும். எல்லையில் முகாம் கேட்டு வருகிற கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.