பை நிறையத் தண்ணீர் வேண்டாம்
விமானத்தில் மீன் கொண்டுபோக, பை நிறையத் தண்ணீர் ஊற்றி, கிளம்பும் முன் நன்றாக இரை போட்டுவிடுங்கள் என்று ஒரு பதிவில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுமே தவறு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும், மீதி இடத்துக்கு ஆக்சிஜன். இரை போட்டால் அது கழிவாகி அம்மோனியா ஏறும், பைக்குள் தண்ணீர் கலங்கி, மூலையில் நூல் நூலாகக் கழிவு மிதக்கும். வளர்ந்த மீன் ஒன்றிரண்டு நாள் பட்டினி தாங்கும், பயப்படாதீர்கள். அப்புறம், போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து அதே தண்ணீரில் நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள், ஏனென்றால் கரியமில வாயு வெளியேறி பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறியதும் அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகிவிடும். மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.