முதலில் கழற்று, பிறகு யோசி

"அப்டேட் செய்ததால்தான் உங்கள் இசைப்பதிவு மென்பொருள் திறக்க மறுக்கிறது" என்று நான்கு பத்திகளில் விளக்கி, மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்து நான் அனுப்பிய புகாருக்கு, மூன்று நாள் கழித்து இன்று காலை பதில் வந்திருக்கிறது. தங்கள் சிக்கல் தீர, அண்மைப் பதிப்புக்கு அப்டேட் செய்துகொள்ள வேண்டுமாம். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டு வெந்துபோய் நிற்பவனிடம், "இந்தாருங்கள், இது புதுக் கொள்ளி" என்று நீட்டுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியறையில் நடந்ததைச் சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாசி மகத் தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும் ஒரு கிராமத்துச் சாமிக்குப் பாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதன் தொடக்கத்துக்குக் கம்பீர நாட்டை ராகத்தில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி ஒன்றை வாசித்துத் தருவதற்காக, எழுபது வயதைத் தாண்டிய நாதஸ்வர வித்துவான் ஒருவர் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்துக் காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டார். மைக்கில் காற்றுச் சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினேன். ரயில் சத்தம் வரக்கூடாதென்று ஜன்னல்களையும் சாத்தினேன். அவர் நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளியை உதட்டில் வைத்து ஈரமாக்கிப் பதம் பார்த்துவிட்டு, "வாசிக்கலாமா தம்பி?" என்றார். அந்த நொடியில்தான் திரையில் அந்தப் பெட்டி முளைத்தது.

பெட்டியில் இரண்டே பொத்தான்கள்: ‘இப்போதே அப்டேட் செய்’, ‘பிறகு நினைவூட்டு’. ‘வேண்டவே வேண்டாம், ஆளை விடு’ என்று மூன்றாவதாக ஒன்றை வைக்க எந்த மென்பொருள்காரருக்கும் மனம் வருவதில்லை. இரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் ‘பிறகு’ என்று சொல்லிப் பழகிய என் விரல், அன்று வித்துவானின் முகத்தைப் பார்த்தபடியே அழுத்தியதில் பக்கம் மாறி இறங்கிவிட்டது. பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நிறுத்துவதற்கு வழி எதுவும் வைத்திருக்கவில்லை. "இன்னும் ஐந்து நிமிடம் ஐயா" என்றேன்.

கோடு நாற்பது விழுக்காட்டில் பத்து நிமிடம் நின்றது. அவர் சீவாளியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எழுபதில் நின்றபோது, கோட்டின் கீழே பொடி எழுத்தில் ‘பழைய பதிப்பு நீக்கப்படுகிறது’ என்று ஒரு வரி ஓடியதைக் கண்டேன். கண்டும் என்ன செய்ய முடியும்? "வாசிக்கலாமா தம்பி?" "இன்னும் ஐந்து நிமிடம் ஐயா." தொண்ணூற்றொன்பதில் நின்ற நேரத்தில் அவர் கழுத்துத் துண்டு முழுவதும் நனைந்துவிட்டது, நான் மின்விசிறியைப் போட்டுவிட்டேன், கீழிருந்து இரண்டாவது காபியும் வந்துவிட்டது. கடைசியில் கோடு நிறைந்து, ‘வெற்றி’ என்று ஒரு பச்சைக் குறியும் தோன்றியது. திறந்தேன். விண்டோஸின் சொந்தக் கோப்பான கெர்னல்32 டிஎல்எல்லில் இன்ன நுழைவிடம் காணப்படவில்லை என்று சிவப்பு வட்டத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான்.

நுழைவிடம் எப்படிக் காணப்படும்? என் கணினியில் இருப்பது 2009இல் வந்த விண்டோஸ் 7. அதற்குப் பிந்தைய விண்டோஸில் மட்டுமே உள்ள ஒரு செயற்கூற்றைப் புதிய பதிப்பு வாசலிலேயே கேட்கிறது. இல்லையென்றதும் உள்ளே வராமல் திரும்பிவிடுகிறது. அது வரையில் நியாயம்தான். அந்த விண்டோஸுக்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். முடிந்ததை முடிந்தது என்று முன்கூட்டியே சொன்னவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. என் வயிற்றெரிச்சலெல்லாம் இந்த இசை மென்பொருள்காரர்கள்மீதுதான். இது எந்த விண்டோஸ் என்று பார்ப்பதற்குச் சில வரி நிரல் போதும், அதையும் பழையதை நீக்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறிய பிறகு, ஓடு மாற்றாத வீடு குறைவு. அப்போது வந்த எந்த மேஸ்திரியும், புது ஓடு வந்து இறங்கி, அது பழைய மரச்சட்டத்தில் உட்காருமா என்று ஒன்றை வைத்துப் பார்க்காமல் மிச்சமிருந்த ஓட்டில் கை வைத்ததில்லை. இவர்கள் கூரையை முழுதாகப் பிரித்துத் தெருவில் போட்டுவிட்டு, "உங்கள் சட்டம் எங்கள் ஓட்டுக்குப் பொருந்தாது" என்று ஏணியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"இன்னுமா அந்தக் கணினியை வைத்திருக்கிறாய்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் புயலுக்கு அடுத்த ஆண்டு புதுச்சேரியில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி அது; 2015 வெள்ளத்தின்போது மேசைமேல் மேசை போட்டு ஏற்றிக் காப்பாற்றினேன். எட்டு மைக்குகளை ஒரே நேரத்தில் வாங்கும் என் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு வந்த கடைசி டிரைவர், அதாவது அதைக் கணினியோடு பேசவைக்கும் நிரல், விண்டோஸ் 7க்கானது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒலி காத்திருக்கும் இடமான பஃபரை 128 மாதிரி அளவுக்கு வைத்து, அதாவது மூன்று மில்லிநொடிக்கும் குறைவாக வைத்து, ஒரு சொடுக்குச் சத்தம்கூட இல்லாமல் தவிலைப் பதிவு செய்யும் நிலைக்கு அதைக் கொண்டுவர எனக்கு ஓராண்டு பிடித்தது. வீணை, மிருதங்க ஒலி தரும் என் துணை மென்பொருள்களான பிளகின்களெல்லாம் பழைய 32 பிட் வகை. புதிய பதிப்போ 64 பிட்டை மட்டும்தான் சீந்தும். சரி, விண்டோஸ் 10க்கு மாறலாமென்றால் அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தாயிற்று. 11க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இந்த வயதுச் செயலி ஆகாது என்கிறது. ஆக, ஒரு மல்லாரியைப் பதிவு செய்ய நான் கணினி, இன்டர்ஃபேஸ், பிளகின் என்று அத்தனையையும் புதிதாக வாங்க வேண்டும். கிராமத்தில் கொடுத்த முன்பணம் மூவாயிரம் ரூபாய்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பழைய பதிப்பைத் தேடி அவர்கள் தளத்துக்குப் போனேன். என் கணினியில் ஓடும் குரோம் 109தான் விண்டோஸ் 7க்குக் கிடைத்த கடைசிக் குரோம். அதில் அந்தத் தளம் வெறும் வெள்ளைத்தாளாக விரிந்தது. கைபேசியில் தேடி, இறக்கி, பென் டிரைவில் ஏற்றி நிறுவினால், உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும், அதற்கான செயலியைத் திற என்றது. அந்தச் செயலியும் அதே அப்டேட்டில் புதுசாகிவிட்டதால் அதற்கும் அதே நுழைவிடம் காணப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை நான்தான் வாங்கினேன் என்று நிரூபிக்க முடியாமல், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னும் ஐந்து நிமிடம் ஐயா" என்று சொல்ல வாயெடுத்தபோது, வித்துவான் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். நாதஸ்வரம் மட்டும் மடியில் நழுவாமல் இருந்தது.

பிற்பகல் இரண்டரை மணிக்கு, என் கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து அதில்தான் பதிவு செய்தோம். மேல் ஸ்தாயியில் அவர் நின்ற இடமெல்லாம் ஒலி உடைந்து கரகரக்கிறது. அவர் வாசித்ததில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்கக் கேட்கத்தான் வயிறு எரிகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது: "பாட்டு முடிஞ்சுதா தம்பி? பேரப்பிள்ளைங்க கேக்கணும்ங்குதுங்க." என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் விரல் தானாகவே பதிலைத் தட்டி அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகுதான் படித்தேன். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். ‘இன்னும் ஐந்து நிமிடம் ஐயா.’