கேரம் விளையாட்டாம், எம்மக ஆடுறது விருந்தாம்

"ஒலிம்பிக்ல இருக்காக்கா?"

எம்மக ஆடுற டான்ஸ்ஸ்போர்ட்டுக்கு, அதாவது ஜோடி ஜோடியா போட்டிக்கு ஆடுற டான்ஸுக்கு, மண்டபம் புக் பண்ணப் போன இடத்துல, பேனாவ மூடிக்கிட்டே அந்தத் தம்பி என்னைக் கேட்டான். அப்பப் பத்தின வயிறு இன்னும் எரிஞ்சிக்கிட்டு இருக்கு.

நம்ம ஊர்ல மண்டபத்துக்கு ஃபாரம் எழுதினவங்களுக்கு நான் விளக்க வேணாம். ரெண்டு கட்டம். ஒண்ணு விளையாட்டு, இன்னொண்ணு விருந்து நிகழ்ச்சி. விளையாட்டுன்னா மணிக்கு இவ்வளவுன்னு சின்னக் காசு, வாரநாள் சாயங்காலம் கிடைக்கும். நிகழ்ச்சின்னா முழு நாள் வாடகை, முன்பணம், கூட்டிக் கழுவுற காசு, அதுவும் கல்யாணம் இல்லாத நாளாப் பாத்து. நான் விளையாட்டுன்னு டிக் போட்டேன். என் கண்ணு முன்னாலயே அதைக் கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துக் கட்டத்துல டிக் போட்டான்.

"டான்ஸ்தானேக்கா. நிகழ்ச்சியிலதான் வரும்."

"தம்பி, இது போட்டிக்கு ஆடுறது. முதுகுல நம்பர் குத்திக்கிட்டு ரவுண்டு ரவுண்டா ஆடி, கடைசியில ஆறு ஜோடி ஃபைனலுக்கு வரும்."

"பாட்டு போடுவீங்களா?"

"போடுவோம்."

"அப்ப நிகழ்ச்சிதான்க்கா."

பாட்டு போட்டா நிகழ்ச்சியாம்! இந்தச் சட்டத்த யாரு எழுதினா? சரி, அதைத்தான் விட்டேன். அடுத்து, குதிகால் ஷூ போட்டா தரை கெட்டுப்போகுமாம். பையில இருந்து மக ஷூவ எடுத்துத் திருப்பிக் காட்டுனேன். அடியில வழுவழுன்னு தோல் கூட இல்ல, ஸ்வேட். கம்பி பிரஷ்ஷால தேச்சித் தேச்சி நார் எழும்பி நிக்குது. குதிகாலுக்குச் சின்னதா பிளாஸ்டிக் மூடி, தரையில கீறல் விழக் கூடாதுன்னே மாட்டுறது. அவன் அதைக் கண்ணெடுத்தும் பாக்கல. உள்ள மேசையில இருந்த அம்மாதான் பாத்தாங்க. பாத்துட்டு, "கவுண்டர் மேல செருப்ப வைக்காதீங்க"ன்னாங்க.

எனக்குப் பின்னால கேரம் கிளப் அண்ணன் நின்னாரு. அவரு ஃபாரத்துக்கு விளையாட்டுன்னு சாப்பு குத்தி ஒரு நிமிஷத்துல அனுப்பிட்டான். கேரம் மேல எனக்குக் கோபமே இல்ல, எங்கப்பா தோட்டத்து கிளப்புல கேரம் அடிச்சவருதான். ஆனா கேரம் எந்த ஒலிம்பிக்ல இருக்கு? சிலம்பம் எந்த ஒலிம்பிக்ல இருக்கு? இதைக் கேட்டப்பதான் அவன் வாய் மூடுனான். மூடிட்டு, நிகழ்ச்சி ரேட்டுக்கே ரசீது எழுதுனான்.

ஒலிம்பிக்ல இல்ல தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் இந்த விளையாட்டோட உலகச் சம்மேளனத்த 1997-லயே அங்கீகரிச்சிருச்சி. ஒலிம்பிக்ல இல்லாத விளையாட்டுங்களுக்குன்னு நடத்துற வேர்ல்ட் கேம்ஸ்ல அதே வருஷத்துல இருந்து இருக்கு. 2005 மணிலா சீ விளையாட்டுல, அதான் தென்கிழக்காசியப் போட்டியில, இருந்துச்சு. 2010-ல குவாங்சோ ஆசிய விளையாட்டுல 10 தங்கத்துக்கு ஆடுனாங்க. ஊக்கமருந்து சோதனையும் மத்த விளையாட்டு மாதிரியேதான். இதுக்கு மேல என்ன சான்றிதழ் வேணும், பிறப்புப் பத்திரமா?

"நடுவர் பாத்து மார்க் போடுறதெல்லாம் விளையாட்டா?"ன்னு மாமாக் சாப்பாட்டுக் கடையில ஒரு மாமா கேட்டாரு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம மலேசியாவோட பண்டெலேலா ரினோங் முக்குளிப்புல வெண்கலம் எடுத்தப்போ நாடே எழுந்து நின்னு கைதட்டுச்சே, அங்க மார்க் போட்டது யாரு மாமா? நடுவருங்கதானே? ஜிம்னாஸ்டிக்குக்கு யாரு போடுறா? பனியில சறுக்கிக்கிட்டு ஜோடியா ஆடுற ஐஸ் டான்ஸ் 1976-ல இருந்து குளிர்கால ஒலிம்பிக்ல இருக்கு. பனி மேல ஆடினா விளையாட்டு, பலகை மேல ஆடினா விருந்தா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அப்புறம் இது இன்னும் மோசம். பிரேக்கிங்ல, அதான் பிரேக் டான்ஸ்ல, ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு ஒரு ஓட்டு கூட வாங்காம தோத்த வீடியோவ ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கிட்டே இருக்காங்க. அதே மேடையில ஜப்பானோட ஆமியும் கனடாவோட ஃபில் விசார்டும் தங்கம் எடுத்தாங்களே, அதை ஒருத்தர் கூட அனுப்பல. ஓட்டத்துல கடைசியா வந்தவரைக் காட்டி ஓட்டமே விளையாட்டு இல்லன்னு எவனாவது சொல்லுவானா?

நியாயமான குறை ஒண்ணு இருக்கு, அதையும் சொல்றேன். போட்டிய நடத்துற நாடுங்க இதுல பதக்கத்த வாரிக்கிதுங்க. குவாங்சோவுல அந்த 10 தங்கமும் சீனாவுக்கே. 2019-ல பிலிப்பைன்ஸ் சீ விளையாட்டுல இதுக்கு வச்ச 14 தங்கத்துல 10 அவங்களுக்கு. ஆனா 2017-ல கோலாலம்பூர் சீ விளையாட்டுல எல்லா ஆட்டமும் சேத்து நாம 145 தங்கம் எடுத்தோமே, அப்ப என்னென்ன ஆட்டம் வைக்கலாம்னு நாமதானே முடிவு பண்ணோம்? நடத்துறவங்க ஆசைக்குப் பிள்ளைங்க ஆட்டத்த ஏன் பழிக்கிறீங்க? சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) ஆடுற நம்ம நிக்கோல் டேவிட் 8 தடவ உலக வாகை சூடியும் ஒலிம்பிக்ல ஆடவே முடியலன்னு இந்த நாடே பொருமுச்சு. சுவர்ப்பந்து 2028 ஒலிம்பிக்லதான் உள்ள போகுது, அவங்க ஓய்வு பெற்ற பிறகு. கதவுக்கு வெளிய நிக்க வைக்கிற வலி நமக்கே தெரியும்ல?

உடம்பு உழைப்பு பத்திப் பேசுறவங்க ஒரு நாள் வந்து பாருங்க. லத்தீன் வகையில அஞ்சு ஆட்டம்: சம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். ஒவ்வொண்ணும் சுமார் ஒண்ணரை நிமிஷம், நடுவுல மூச்சு வாங்கக் கூட நேரம் இருக்காது. ஜைவ் நிமிஷத்துக்கு 170 தாளம் போகும், அது கடைசியிலதான் வரும். அது முடியிறப்போ எம்மக கழுத்து நரம்பு துடிக்கிறது எனக்குத் தூரத்துல இருந்தே தெரியும். அதுக்கு மேல சிரிச்ச முகமா நிக்கணும், இல்லன்னா மார்க் போயிடும்.

சொந்தக்காரங்க பேச்சு வேற. "வயசுப் பொண்ணு பையன் கையப் புடிச்சிக்கிட்டு..." அந்தப் பையன் பக்கத்து வீட்டுப் பிள்ளை, பால்மரம் வெட்டுறவரு மகன். அம்மாஅப்பா ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கோம். ஈப்போவுல இருந்து லாவ்சி, அதான் சீன டீச்சர், தன் காடியில தன் பெட்ரோல்ல வந்து சொல்லித் தராங்க, எங்க பிள்ளைங்க கிட்ட இருக்கிற திறமைக்காக. தமிழச்சி வீட்டுக்குச் சீனத்தி காட்டுற மரியாதைய நம்ம ஆளுங்க காட்டக் கூடாதா?